பிடித்த சாமான் இல்லாத கடை

"பிடிச்ச மாடல் கடையில இல்லேன்னா வாங்காம வெளிய வந்திருவோம்லா மாமா? ஓட்டும் அதே கணக்குதான். இந்தத் தடவை நான் போடல." 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய வாரம், மார்த்தாண்டத்தில் வைத்து அக்கா மகன் இப்படிச் சொன்னான். அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கப் போயிருந்தோம். மேம்பாலத்துக்குக் கீழே பிரசார வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கடைக்காரர் சொல்வதும் ஒலிபெருக்கி சொல்வதும் கலந்து, "மூணு ஜார்... உங்கள் பொன்னான வாக்குகளை... ரெண்டு வருஷம் வாரண்டி... தாய்மார்களே" என்று ஒரே வாக்கியமாகக் காதில் விழுந்தது. கடைக்காரரும் விடவில்லை. வண்டி கடந்து போகும்வரை "எழுநூத்தம்பது வாட்!" என்று வேட்பாளரைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஓட்டுப் போடுவது கடமை, உரிமை என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவன் அதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு முடித்தவன். சோம்பேறியும் இல்லை. மிக்ஸி வாங்குவதற்கு முன் நான்கு கம்பெனி மிக்ஸிகளைப் பற்றி இரவெல்லாம் படித்து, எந்த மோட்டார் சீக்கிரம் சூடாகிறது, எந்த ஜாரின் மூடி கசிகிறது என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தவன். அவ்வளவு பார்த்து வாங்குகிற ஒருவன், எதுவுமே தேறவில்லை என்று கடையை விட்டு வெளியே வந்தால் அதில் என்ன தப்பு? வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் சாமான் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு அவன் பேச்சின் பலம் தெரியும். வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கி, "பாத்து எடுங்க, இப்பந்தான் கரைக்கு வந்தது" என்பார். அம்மா ஒரு அயிலையை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "கரைக்கு வந்து எத்தன நாளாச்சுன்னு மீனுட்டயே கேக்கேன்" என்பாள். அப்புறம் வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், விலை கேட்பாள். "இந்த விலைக்கு நான் கொளச்சலுக்கே போயிருவேன்" என்று எழுந்து வீட்டுக்குள் போவாள். மீன்கார அக்காவும் கூடையைத் தலையில் ஏற்றி நாலு அடி நடப்பார். இரண்டு பேரும் திரும்பி வருவார்கள் என்பது தெருவுக்கே தெரியும். கடைசியில் அம்மா கேட்டதற்குக் கொஞ்சம் மேலே ஒரு விலைக்கு முடிந்து, கைப்பிடி சாளை சும்மா கிடைக்கும். இந்த விளையாட்டில் இரண்டு பேருக்கும் உள்ள சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாழைப்பழமும் அப்படித்தான். வெளியூர்க்காரர் "ஒரு டஜன் பழம்" என்று கேட்டுவிட்டுப் போவார். இங்கே அப்படிக் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிள்ளைக்கென்றால் மட்டி, சிப்ஸுக்கென்றால் ஏத்தன். ரசகதலியும் செந்துளுவனும் பாளையங்கோட்டானும் தனித்தனியாகத் தொங்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததா, புகை போட்டதா என்று ஒரு விசாரணையும் நடக்கும். 2023-இல் கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை இத்தனை காலம் காப்பாற்றி வைத்ததில் பயிரிட்டவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, வேறு பழத்தை மட்டி என்று தள்ளிவிட முடியாதபடி நின்று வாங்கியவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். பார்த்து வாங்குவது சின்ன விஷயமே இல்லை. ஊரின் சரக்கு நன்றாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பையன் தேர்தலையும் கடை பார்க்கிற கண்ணால் பார்க்கிறான் என்றால், அது அவன் குற்றமில்லை என்றே எனக்குப் பட்டது.

ஓட்டு இயந்திரத்தில் ஒரு பாத்திரக் கடை

கொஞ்சம் யோசித்தால் தேர்தலே கடை மாதிரிதான் நம் முன்னால் வந்து நிற்கிறது. சுயேச்சைகளுக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் சின்னப் பட்டியலை ஒரு தடவை முழுதாகப் படித்துப் பாருங்கள். பிரஷர் குக்கர், மிக்ஸி, கேஸ் சிலிண்டர், ஃப்ரிட்ஜ், ஏர் கண்டிஷனர், வாளி, பல் துலக்கும் பிரஷ், பேஸ்ட், சோப்புப் பெட்டி, நகவெட்டி, காலுறை, பென் டிரைவ், சிசிடிவி கேமரா. நூடுல்ஸ்கூட உண்டு. கல்யாணச் சீர்வரிசைக்கு எழுதிய பட்டியலா, வீடு மாறும்போது எழுதியதா என்று சந்தேகம் வரும். இதற்குப் பின்னால் ஒரு நல்ல மனம் வேலை செய்திருக்கிறது. எழுத்துத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட வேண்டும் என்பதால் 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னங்கள் வந்தன. எம்.எஸ். சேதி என்பவர் ஆணையத்தில் ஓவியராக இருந்து, சாதாரண ஜனங்கள் அன்றாடம் கையில் எடுக்கும் பொருள்களையே பல வருடம் வரைந்து கொடுத்தார். 1992-இல் ஓய்வு பெற்றார். நம் அடுக்களையும் அலமாரியும் வாக்குச்சாவடிக்குள் வந்தது அப்படித்தான்.

எங்கள் தொகுதிக்கோ இன்னும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்துக்காரரான எச். வசந்தகுமார் 1978-இல் வசந்த் அண்ட் கோ-வைத் தொடங்கி, தமிழ்நாடு முழுக்க டிவியும் ஃப்ரிட்ஜும் விற்றவர். 2019-இல் கன்னியாகுமரியின் எம்.பி. ஆனார். 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவர் கடையில் டிவி வாங்கி, பெட்டியின் அட்டையைக்கூடப் பத்திரமாகப் பரணில் வைத்திருந்த எத்தனையோ வீடுகள் அன்று துக்கம் கொண்டாடின. அந்த இடத்துக்கான இடைத்தேர்தல் 2021 ஏப்ரல் 6-இல் சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து வந்ததால், மாவட்டம் முழுக்க ஆளுக்கு இரண்டு ஓட்டுப் போட்டோம்.

அப்புறம் 2006-இன் கலர் டிவி, 2011-இன் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். இவற்றை ஏளனம் செய்து பேசுவது படித்தவர்கள் மத்தியில் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்காது. தேங்காய் அரைக்காமல் எங்கள் ஊரில் ஒரு குழம்பும் அடுப்பேறாது. மீனுக்கு அரைக்கணும், புளிசேரிக்கு அரைக்கணும், தோரனுக்கும் லேசாக ஒரு ஒதுக்கு ஒதுக்கணும். அம்மியில் குனிந்து குனிந்து அம்மாவின் தோள்பட்டை போன நாள்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்க மிக்ஸி வந்த பிறகு அந்தத் தோள் கொஞ்சம் ஓய்ந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இது சம்பந்தமாக வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. அம்மா அந்த மிக்ஸிக்குக் கப்ளர் மாற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, ஒரு தடவை காயிலும் கட்டி, 2024 வரை ஓட்டினாள். ரிப்பேர் கடைக்காரரே "அம்மா, இதுக்கு மேல இது என்னால ஆகாது" என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நாங்கள் மார்த்தாண்டம் போனோம்.

ஆக, கடை ஒப்பீடு எந்தப் பக்கம் திரும்பினாலும் பொருந்திக்கொண்டே போனது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. எங்கோ அது உடைய வேண்டும் என்று தெரியும். எங்கே என்று தெரியவில்லை.

அம்மா சொன்னது

ஏப்ரல் 19. அம்மாவும் அக்காவும் இருப்பது அருமனைக்குப் பக்கம், விளவங்கோடு தொகுதி. எங்கள் எம்.எல்.ஏ. ராஜினாமா செய்து கட்சி மாறியிருந்ததால், நாடாளுமன்றத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் அன்று நடந்தது. மாவட்டத்தில் மற்ற ஐந்து தொகுதிக்காரர்களுக்கு ஒரு ஓட்டு, விளவங்கோட்டுக்கு இரண்டு. அம்மாவுக்கு அதில் சின்னப் பெருமை. பக்கத்துத் தொகுதியில் கட்டிக்கொடுத்த தன் தங்கையிடம் போனில், "ஒனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு" என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள்.

நான் நாகர்கோவிலில் ஓட்டுப் போட்டுவிட்டு மதியம்போல அங்கே போனேன். வெயில் கொளுத்தியது. அம்மா காலையிலேயே போய் வந்து, விரலில் மையோடு திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அக்கா மகன் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் சுத்தமாக இருந்தது. அக்கா ஏற்கெனவே ஒரு சுற்றுத் திட்டி முடித்திருப்பது அடுக்களைப் பாத்திரச் சத்தத்திலேயே தெரிந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவன் அந்த மார்த்தாண்டம் வாதத்தைப் பாட்டியிடம் எடுத்து விட்டான்.

அம்மாவின் முதல் ஓட்டு 1969-இல். விருதுநகரில் தோற்ற காமராஜர் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த ஆண்டு. அப்போது ஓட்டுரிமைக்கு வயது 21. கல்யாணமான புதிதில், மாமியாரோடு நடந்துபோய்ப் போட்ட ஓட்டு. ரகசிய ஓட்டு என்பதெல்லாம் அம்மாவுக்குப் பொருட்டே இல்லை, யாருக்குப் போட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்வாள். அவ்வளவு வருடம் ஓட்டுப் போட்டவளிடம் ஒரு சொற்பொழிவு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. துருவலை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"கடையில புடிக்கல்லன்னு நீ வந்தா சாமான் எங்க இருக்கும்?"

"கடையிலதான் இருக்கும்."

"ஒனக்க பின்னால நடந்து வருமா?"

"வராது."

"இது வரும் மக்களே. நீ எடுத்தாலும் எடுக்கல்லன்னாலும் இதுல ஒண்ணு வீட்டுக்கு வந்து அஞ்சு வருசம் உக்காரும். அடுத்த வீட்டுக்காரன் எடுத்தத வச்சு நீயும் அரைக்கணும்."

அவன் சிரித்துவிட்டான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் தலைக்குள் பல நாளாகச் சுற்றிக்கொண்டிருந்த கேள்வி அங்கேயே உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் என் வீட்டுப் பால் கெடாது. அவர் ஓட்டுப் போட்டு எடுக்கிறவரோ எனக்கும் சேர்த்து எம்.பி. ஆகிறார். என் சாலைக்கும் என் பேருந்துக்கும் அவர்தான். நான் வெளியே போனால் கடை மூடப்போவதில்லை, தேர்வு செய்கிற கூட்டத்தில் ஒரு ஆள் குறையும், அவ்வளவுதான். அதுவும் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த ஆள்.

பையன் லேசில் விடவில்லை. "அப்ப நோட்டா போடுதேன் பாட்டி." நோட்டாவை நான் மதிக்கிறேன். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த பொத்தான் அது. யாரையும் பிடிக்கவில்லை என்பதையும் ரகசியமாகச் சொல்ல ஒரு குடிமகனுக்கு இடம் வேண்டும். ஆனால் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நடக்கும் தேர்தலில் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்ததாகத்தான் கணக்கு. இதை அவனுக்குச் சொன்னேன். கூடவே, 2002-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், படிப்பு, வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், அது ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது என்றும் சொன்னேன்.

அவ்வளவுதான். மிக்ஸியைப் பற்றிப் படித்த அதே முகத்தோடு உட்கார்ந்துவிட்டான். இரண்டு தேர்தலின் முக்கிய வேட்பாளர்கள் எல்லோருடைய பத்திரமும் திறந்தது. "மாமா, இவருக்கு இவ்வளவு கடனா?" "இந்த வழக்கு என்ன பிரிவு?" "பாட்டி, இவருகிட்ட ஒனக்கிட்ட இருக்குத அளவு நகைகூட இல்ல!" அம்மா உடனே ஆர்வமாகி, யார் மனைவியிடம் எத்தனை பவுன் என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினாள். அக்காவும் கரண்டியோடு வந்து நின்றாள். ஒரு மத்தியானம் முழுக்க எங்கள் திண்ணையில் நடந்த அந்த ஆராய்ச்சி மாதிரி வீட்டுக்கு வீடு நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐந்து மணிக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

கையில் தராத பில்

திரும்பி வந்ததும் முதல் புகார்: "பில்லக் கண்ணாடிக்குள்ள காட்டிட்டு அவங்களே வச்சுக்கிட்டாங்க." ஓட்டு இயந்திரத்தோடு இருக்கும் விவிபாட் பெட்டியைச் சொல்கிறான். பொத்தானை அழுத்தியதும் சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரிந்து, உள்ளே பெட்டியில் விழுகிறது. ஒரு ரூபாய் மிட்டாய்க்கும் பில் கேட்கிற பையனுக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை.

எனக்கோ, கடை ஒப்பீடு இரண்டாவது தடவை உடைகிற இடம் இதுதான் என்று பட்டது. கடையில் பில் நம்மைக் காப்பாற்றுகிறது. பில் இருந்தால் வாரண்டி, பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் சொல்லலாம், நாகர்கோவிலில் இருக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த சரக்கென்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. வாக்குச்சாவடியில் நிலைமை நேர் தலைகீழ். அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தால், முந்தின இரவு பணம் கொடுத்தவன் காலையில் வாசலில் வந்து, "காட்டு பார்ப்போம்" என்று நிற்பான். வேலை கொடுக்கிறவர் கேட்பார். ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். சில வீடுகளில் கணவனே கேட்பான். கையில் சீட்டு இல்லாததால்தான், யாரிடம் என்ன வாங்கியிருந்தாலும், எவ்வளவு பயந்திருந்தாலும், அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் ஒரு பெண் தன் மனம் போல அழுத்திவிட்டு வர முடிகிறது. அவளைக் காப்பாற்றுவது பில் இல்லாமைதான். இதை அவனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்ப சரக்கு ரிப்பேரானா எங்க போறது?" என்றான். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் அம்மாவிடம்தான் இருந்தது. அவள் கிராம சபை தவறாமல் போகிறவள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். அதில் கடைசி நாள் எங்களுக்கு இரட்டை விசேஷம். 1956-இல் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் ஒரு நவம்பர் 1-இல்தான். அந்த 2024 அக்டோபர் 2-ஆம் தேதி பாட்டியோடு பேரனும் போனான். கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளால் ஊர்ச்சாலை பெயர்ந்து கிடப்பதைப் போட்டோவோடு எடுத்துச் சொல்லி, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை அங்கேயே நின்றான். அம்மா மீன் வாங்கும்போது நிற்பாளே, அந்த நிற்பு.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளில் 2019-இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பழைய வார்டு உறுப்பினரிடம் போய்ச் சாலையைப் பற்றிக் கேட்டால், "நான் இப்ப ஒண்ணும் இல்ல தம்பி" என்று டீ வாங்கிக் கொடுக்கிறார். பையனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! உள்ளாட்சித் தேர்தல் எப்போது, ஏன் உடனே நடத்தவில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறான். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நான்கு வாக்குச்சீட்டின் நிறமும் இப்போது அவனுக்கு மனப்பாடம்.

"இருந்தாலும் நிக்கதுக்கு நல்ல ஆளு யாரும் இல்ல பாட்டி" என்று ஒரு நாள் ஆரம்பித்தான். "நீ நில்லு" என்றாள் அம்மா. அவனுக்கு 21 கடந்துவிட்டது, அந்த வயது போதும். வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 2019-இல் 200 ரூபாய்தான். வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னமும் கிடையாது. நின்றால் நன்றாக இருக்கும் என்று நான் மனதார நினைக்கிறேன், அவனிடமும் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றான். அதற்குள் அக்கா பூட்டு சாவிச் சின்னம் கேள் என்கிறாள், வரைய எளிதாம். அம்மா ஆட்டோதான் என்று ஒரே பிடி. தெருவில் ஓடுகிற ஒவ்வொரு ஆட்டோவும் சும்மா பிரசாரம் பண்ணுமாம்.